சதுரக் காசில் இருந்த வருஷம்

ஜூன் 1, ஞாயிறு

மருந்துக்கடைக்காரர் தைக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு கேக்.

மகள் சுகுணா கொளத்தூரிலிருந்து கேக்கோடு வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்தால் மேலே சிவப்பு கிரீமில் அறுபது. என் மனைவி பவளக்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"யாருக்குடி அறுபது?"

"உனக்குத்தாம்மா. ஜூன் ஒண்ணு, அறுபத்தஞ்சாம் வருஷம். ஆதார்லயே இருக்கு."

"அது பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியாரு போட்ட தேதி. எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதான். நாங்க என்னா, எல்லாம் ஒரே நாள்ல முட்டையிலேர்ந்து வந்தோமா?"

பேத்தி மிருதுளா விழுந்து விழுந்து சிரித்தாள். பவளம் சிரிக்கவில்லை. கத்தியைத் தொடாமல் சமையலறைக்குள் போய்விட்டாள். ஆறை மிருதுளா தின்றாள், பூஜ்யத்தை நான் தின்றேன். எனக்குச் சர்க்கரை என்பது யாருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

மகளும் பேத்தியும் கிளம்பிப் போன பிறகு, பவளம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கு ஜாதகம் இருக்கு. எந்த நிமிஷத்துல பொறந்தீங்க, ராகு எங்க குந்திகினு இருந்தான், எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க. எனக்கு ஒரு வருஷம் கூட இல்லைங்க. நாள் வேணாம், நட்சத்திரம் வேணாம். ஒரு வருஷம்."

நாற்பது வருஷத்துக்கு மேல் இவளோடு குப்பை கொட்டியிருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தை இவள் வாயிலிருந்து வந்ததில்லை. டிவியைப் போட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

பவளத்தின் கதை எனக்குத் தெரிந்த அளவுக்கு இவ்வளவுதான். அறுபத்தெட்டில் ரங்கூனிலிருந்து அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் அவள் கைக்குழந்தைக்குச் சற்றுப் பெரியவள். நடப்பாள், பேச்சு வரவில்லை. பெற்றவள் கப்பலிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கடலில்தான் விட்டார்கள். பக்கத்தில் படுத்திருந்த காசியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். வியாசர்பாடியில் குடிசை போட்டு, பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை வைத்து வளர்த்தாள். பெற்றவள் ஏதோ அரிசி மில்லில் வேலை பார்த்தவள் என்பதைத் தவிர, பெயர்கூடக் காசியம்மாவுக்குத் தெரியாது. குழந்தைக்கு ரெண்டு வயது என்று ஒருத்தர் சொன்னார், மூணு என்று ஒருத்தர், நோஞ்சான் என்பதால் அப்படித் தெரிகிறது, நாலு இருக்கும் என்று இன்னொருத்தர்.

குழந்தையின் இடுப்புக் கயிற்றில் ஒரு சதுரக் காசு கட்டியிருந்தது. பவளத்துக்குப் பதினாறு வயதிருக்கும்போது காசியம்மா இறந்தாள். இறப்பதற்கு முன் சொன்னது: "பொறந்த வருஷத்துக் காசைக் கொழந்தைக்குக் கட்டுறது நம்ம ஆளுங்க வழக்கம்டி. இது உன் வருஷம். கழட்டாத."

அவள் கழட்டவில்லை. மணிக்கயிற்றில், பிறகு என் அம்மா போட்ட செயினில், ரவிக்கைக்குள் அது கிடக்கிறது. யோசிக்கும்போதெல்லாம் கட்டைவிரலால் தேய்ப்பாள். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. எழுத்தும் இல்லை, படமும் இல்லை.

நான் ரயில் பெட்டி ஆலையில் முலாம் பிரிவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். பழங்காசு சேர்ப்பதில் பைத்தியம். நாணயச் சங்கத்தில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் பாடம் நான்தான் எடுப்பேன்: காசைக் கழுவாதே, தேய்க்காதே, மருந்து போடாதே. போட்டால் மதிப்பு போச்சு. பவளத்தின் காசு என் கணக்கில் மதிப்பே இல்லாத காசு. எதிரெதிர் மூலையில் இரண்டு ஓட்டை வேறு. பர்மாவில் சதுரக் காசு அறுபத்தைந்து வரை அடித்தார்கள், அதில் ஒன்று என்று முடிவு கட்டி அதோடு விட்டுவிட்டேன்.

இன்று காப்பியோடு வந்து கேட்டாள். "இதுல வருஷம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்போ?"

"இப்பவும் இருக்கு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். அவள் எதிரே உட்கார்ந்துவிட்டாள். சொல்லாமல் எழுந்திருக்க முடியாது.

"அச்சு அடிக்கும்போது எழுத்துக்கு அடியில உலோகம் இறுகிடும். மேல தேஞ்சு போனாலும் உள்ள அந்த இறுக்கம் அப்படியே நிக்கும். மருந்து ஊத்தினா இறுகின இடத்தை ஒரு மாதிரி கடிக்கும், மத்த இடத்தை வேற மாதிரி கடிக்கும். அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்."

"வாங்குன அடியை மறக்காதுன்னு சொல்லுங்க."

முப்பது வருஷம் ஆசிட்டோடு புழங்கியும் எனக்கு இப்படிச் சொல்ல வந்ததில்லை. ஆனால் மீதியையும் சொன்னேன். காசு மெலிந்து போயிருக்கிறது. மருந்து கொஞ்சம் கூடினால் சல்லடையாகிவிடும். தேதியும் போகும், காசும் போகும். திரும்பச் செய்ய முடியாது.

அவள் செயினைப் பிடித்துக்கொண்டாள். "இது போச்சுன்னா எங்கம்மான்னு ஒருத்தி இருந்தாங்கிறதுக்கே ஒண்ணும் இல்லைங்க."

"அதான் சொல்றேன். வேணாம்."

"வேணாம்னு நான் சொல்லலியே" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஃபெரிக் குளோரைடு வாங்கினேன். சர்க்யூட் போர்டு அரிக்கிற பையன்கள் வாங்கும் சரக்கு. கடைக்காரன் என் நரையைப் பார்த்துவிட்டு, "சார் பேரனுக்கு ப்ராஜெக்டா?" என்றான். ஆமாம் என்றேன். கையுறை, சொட்டு விடும் குழாய், கண்ணாடி. மருந்தின் வேகத்தை நிறுத்தச் சமையல் சோடா வீட்டிலேயே இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

மொட்டை மாடி. காலை வெயில். கழித்துப்போட்ட டப்பாவிலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் ராஜா காலத்துச் சதுர இரண்டணா, தேதி தேய்ந்தது. மருந்து தடவி டீ குடித்துவிட்டு வந்து பார்த்தேன். காசு முழுக்க அம்மைத் தழும்பு. ராஜாவும் இல்லை, தேதியும் இல்லை.

டீ குடிக்கக் கூடாது. பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

 

அதே வகைக் காசு, இன்னொன்று. மருந்தை இன்னும் நீர்க்க வைத்தேன். பல்குச்சி நுனியால் தேதி இருந்திருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சொட்டு. பழுப்பு நிறச் சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. கழுவினேன். ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு சொட்டு. கழுவினேன். வெயிலுக்குச் சாய்த்தேன்.

ஒரு ஒன்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்பது. பிறகு இரண்டு. யாரோ உள்ளே இருந்து மூச்சு விட்டுக் கண்ணாடியில் எழுதுவது மாதிரி, ஒவ்வொன்றாக. 1920. எத்தனை கைகள் தேய்த்துத் தேய்த்து அழித்த எண். சந்தைக்குப் போன கை, உண்டியலில் போட்ட கை, ட்ராமில் டிக்கெட் வாங்கின கை. அத்தனை பேரும் சேர்ந்தும் அதை அழிக்கவில்லை, மேல்தோலைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

"பவளம்! பவளம்!" என்று மாடியிலிருந்து கத்தினேன். கரண்டியோடு ஓடி வந்தாள், நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து. காசைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அடேங்கப்பா. இத்தினி நாளா உள்ளயே இருந்திருக்கே."

கீழே குழம்பு தீய்ந்துவிட்டது. அவள் திட்டவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்னும் பழக வேண்டும். அவசரம் கூடாது.

ஜூன் 20, வெள்ளி

மிருதுளாவுக்கு இன்று பத்தொன்பது. இந்த வீட்டில் பிறந்தநாள் என்றால் அது அவளுக்குத்தான். கல்லூரி முடிந்து நேரே இங்கே வந்தாள். பவளம் வடை, சேமியா பாயசம். சாப்பிடக் கூப்பிட்டால், போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆயா, நீயே ஊட்டி விடேன்" என்கிறாள். மாடு மாதிரி வளர்ந்திருக்கிறாள், ஊட்ட வேண்டுமாம். பவளம் உருட்டி உருட்டி ஊட்டினாள். புடவை கட்டிக்கொள்ளடி, பார்க்கிறேன் என்றால், கால் தடுக்குமாம்.

இன்று பரிசோதனை இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்னொரு காசு வெற்றி. ஆனால் மேகமூட்டம். வெளிச்சம் சரியாக இல்லாமல் பவளத்தின் காசைத் தொடக் கூடாது.

ஜூன் 27, வெள்ளி

நல்ல வெயில். ஆனால் சூடு அதிகம், மருந்து வேகமாக வேலை செய்யும். வேண்டாம்.

ஜூன் 30, திங்கள்

டப்பாவில் தேய்ந்த காசு தீர்ந்துவிட்டது. சங்கத்து நண்பரிடம் கேட்டேன். "மாசிலாமணி, நீயா ஆசிட் ஊத்துற? கலி முத்திப்போச்சு" என்று சிரித்தார். ஒரு பிடி கொடுத்தார். அத்தனையிலும் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

ஜூலை 2, புதன்

காலையில் மாடிக்கு வந்தாள். செயின் கையில் இருந்தது.

"பயமா இருக்குதா?"

"பயமா? எனக்கா? ஆலையில என்னென்ன ஆசிட்டு பாத்தவன் நான்."

"ஆசிட்டுக்கு பயம்னு நான் சொல்லல." காசைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். சூடாக இருந்தது. "போனா போவுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க செய்ங்க. வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

கழுத்தில் அது இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை. காசு கிடந்த இடத்தில் வெளுப்பாக ஒரு சதுரம். பிரசவத்தின்போதுகூட நர்ஸோடு சண்டை போட்டுக் கழற்றாமல் இருந்தவள்.

எந்தப் பக்கம் தேதி என்று தெரியாது. ஒரு பக்கத்தை எடுத்தேன். ஒரு சொட்டு. கழுவினேன். ஒரு சொட்டு. கழுவினேன். பவளம் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காக்கா கத்தினால் அதையும் முறைத்தாள்.

முதலில் வந்தது சுருள் சுருளாக ஏதோ. கொடி என்று நினைத்தேன். பிறகு அது பிடரி மயிர் என்று புரிந்தது. பிறகு திறந்த வாய், மார்பைத் தள்ளி உட்கார்ந்த உடம்பு. பர்மாக் கோயில் வாசலில் காவல் இருக்கிற சிங்கம். ஒன்றுமே இல்லாத தகட்டிலிருந்து எழுந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

பவளம் அழுதாள். நான் அழவில்லை. ஆவி கண்ணில் பட்டது.

"என் கழுத்துலயா இது இவ்ளோ வருஷம் குந்திகினு இருந்துது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சோடா நீரில் அலம்பி, துணியில் ஒற்றி அவளிடம் கொடுத்தேன். ஓட்டைகளின் விளிம்பு மெலிந்துவிட்டது. இன்னொரு பக்கம் நாளைக்கு.

ஜூலை 3, வியாழன்

தேதி வந்துவிட்டது.

பர்மா எழுத்தில் நான்கு எண். வட்டம் வட்டமாக. முதல் வட்டத்துக்கு வாய் திறந்திருந்தது. இரண்டாவதும் நான்காவதும் ஒரே மாதிரி. என் நாணயப் புத்தகத்தில் பர்மா எண்கள் அச்சிட்ட பக்கத்தைத் திறந்து, பென்சிலால் வரைந்து, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். மூன்று முறை பார்த்தேன். காசைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன்.

1949.

"சொல்லுங்க" என்றாள் பவளம். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை.

சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடிக்கும் முன்பே முகம் மாறிவிட்டது.

"நாப்பத்தொம்பதுன்னா எனக்கு எழுபத்தாறு. கப்பல்ல வரும்போது பத்தொம்பது. பேச்சு வராத பத்தொம்பதா?"

நான் ஒரு அசட்டுத் தமாஷ் செய்தேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவளைக் கட்டிக்கொண்டேனா என்றேன். அவள் சிரிக்கவில்லை. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ இது என் வருஷம் இல்ல. ஏதோ கைக்குக் கெடைச்ச காசு. கடையில மிட்டாய் வாங்கின மிச்சம்."

"பவளம்..."

"உங்க மேல தப்பு இல்ல. வந்துதானே ஆவணும் உண்மை." கீழே போய்விட்டாள். காசு மாடியிலேயே கிடந்தது.

ஜூலை 4, வெள்ளி

அவள் செயினை வெறும் செயினாகப் போட்டிருக்கிறாள்.

ஜூலை 9, புதன்

காசு என் மேஜை டிராயரில் இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன். அருமையான வேலை. சங்கத்தில் யாரும் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. சிங்கமும் தேதியும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பார்த்துவிட்டு டிராயரை மூடிவிடுகிறேன். ஐம்பத்தேழு வருஷமாக அவளுக்கு ஒரு அம்மாவும் ஒரு வருஷமும் இருந்தது. ஒரு சொட்டு மருந்தில் அதைக் கழுவி ஊற்றியவன் நான்.

வீட்டில் வேலைகள் நடக்கின்றன. கேஸ் வந்தது. மின்சாரக் கட்டணம் கட்டினேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஆடித் தள்ளுபடி ஆரம்பித்துவிட்டது என்று பவளத்தோடு போனேன். ஆடி அமாவாசைக்கு அவள் அம்மாவுக்குப் படையல் போடுவாள். புதுப் புடவை வைப்பாள். வருஷா வருஷம் ஒரே மாதிரி: சாம்பல் நிறக் காட்டன், சின்னக் கரை, வயசான பொம்பளைக்கு உறுத்தாத துணி. படையல் முடிந்ததும் இஸ்திரி போடும் கிழவிக்குக் கொடுத்துவிடுவாள். பிறகு காசிமேட்டுக் கடற்கரைக்குப் போய், அம்மா எங்களை ஆசீர்வாதம் பண்ணு என்று கும்பிடுவாள். என் சர்க்கரை, சுகுணாவின் மூட்டுவலி, மிருதுளாவின் பரீட்சை என்று நீளமாக ஒப்பிப்பாள்.

இந்த வருஷமும் சாம்பல் நிறம்தான் எடுத்தாள். ஆனால் விலை கேட்கவில்லை, பேரம் பேசவில்லை. பவளம் பேரம் பேசாமல் புடவை எடுத்து நான் பார்த்தது இன்றுதான்.

ஜூலை 13, ஞாயிறு

முழுக்க எழுதிவிடுகிறேன். ஒரு சொல்கூட விட்டுப்போகக் கூடாது.

நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். "வா, பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ சாப்பிட்டுட்டு வரலாம்" என்றேன். "என்னா திடீர்னு?" என்றாள். காசியம்மா போன பிறகு அந்தப் பக்கமே அவள் போவதில்லை. வாய்க்கு ருசியாக எதுவும் தின்ன மாட்டேன் என்கிறாளே, அங்கேயாவது தின்பாளா என்றுதான். காசை என் சட்டைப் பையில் எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால் தெரியாது.

நாலைந்து கடை தாண்டி ஒரு தள்ளுவண்டி. செண்பகம் என்று ஒரு அம்மா, எழுபதைத் தாண்டியவர், மகனை விரட்டிக்கொண்டே வாழைத்தண்டு சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். பத்து வயதில் ரங்கூனிலிருந்து வந்தவராம், அங்கே மூணாவது வரை படித்தாராம். பேச்சுவாக்கில் காசியம்மா பேரைச் சொன்னேன். "அட, முட்டை பேஜோ விக்கிற காசியம்மாவா! அது வளத்த பொண்ணா நீ?" என்று பவளத்தின் கன்னத்தை வழித்தார். பவளம் பத்து நாள் கழித்துச் சிரித்தாள்.

நான் காசை எடுத்து வண்டியின் மேல் வைத்தேன்.

செண்பகம்மா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். விளக்குக்கு அருகே பிடித்தார். குழந்தைகள் வாய்ப்பாடு சொல்வது மாதிரி, "தித், கோ, லே, கோ" என்று பர்மிய பாஷையில் படித்தார். "நாப்பத்தொம்பது." பிறகு இரண்டு ஓட்டையையும் விரலால் தடவிப் பார்த்தார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"உங்கம்மா தாலிக் காசா?"

பவளத்தின் கையில் இருந்த தட்டு சாய்ந்தது.

"என்னாக்கா சொல்றீங்க?"

"உங்கம்மா மில்லுக்காரங்களா?"

"அரிசி மில்லுல வேலைன்னு சொல்லுவாங்க."

"அதான் பாத்தேன். எங்க மில்லு லைன்ல நாலஞ்சு குடும்பத்துல இருந்துச்சு இது. பொண்ணு பொறந்தா அந்த வருஷக் காசுல ஒரு மூலையில ஓட்டை போட்டு இடுப்புல கட்டுவாங்க. கல்யாணத்தன்னிக்கு எதிர்மூலையில இன்னொரு ஓட்டை போட்டு அதையே தாலிக்கயித்துல படுக்க வெச்சுக் கோப்பாங்க. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. ஒத்த ஓட்டைன்னா கொழந்தை காசு. ரெட்டை ஓட்டைன்னா கட்டினவ காசு. டவுன்ல இருந்த காசியம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"அப்போ என் இடுப்புல..."

"கப்பல் ஏறும்போது தங்கம்னு ஒண்ணு கொண்டாந்தவங்க யாரு? சோதனை போட்டுப் புடுங்கிக்கினாங்க, தாலிப் பொட்டே போச்சு எத்தினியோ பேருக்கு. இது வெறும் காசு, தப்பிச்சுது. தான் போவப்போறோம்னு தெரிஞ்சப்புறம் கழுத்துலேர்ந்து அவிழ்த்து உனக்குக் கட்டியிருக்கும். வேற என்னா இருந்துச்சு அதுகிட்ட குடுக்குறதுக்கு?" அவர் காசைப் பவளத்தின் கையில் வைத்து மூடினார். "நாப்பத்தொம்பதுல பொறந்து, அறுபத்தெட்டுல கப்பலு. பத்தொம்பது வயசு. ஐயோ, சின்னப் பொண்ணும்மா."

நான் எத்தனையோ காசைப் பார்த்தவன். அந்த இரண்டு ஓட்டைக்காக இதை மதிப்பில்லாத காசு என்று தள்ளி வைத்தவன். பவளம் கையை விரித்தபோது தள்ளுவண்டி வெளிச்சத்தில் அதை மறுபடி பார்த்தேன். ஒரு ஓட்டை பிறந்த அன்று போட்டது. ஒரு ஓட்டை கல்யாணத்தன்று போட்டது. நடுவில் ஒரு சிங்கம். ஒரு பெண்ணின் வாழ்க்கை மொத்தமும் கட்டைவிரல் அகலத்துக்குள் இருந்தது.

பவளம் அத்தோவை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். சாப்பிட்டதுக்குச் செண்பகம்மா காசு வாங்கவே இல்லை.

ஜூலை 14, திங்கள்

காசைச் செயினில் கோத்துப் போட்டுக்கொண்டாள்.

மிருதுளா காலேஜ் லீவு என்று வந்து, சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். ஒரு கால் தரையில், போன் வயிற்றின் மேல், சீப்பு படாத தலை. எழுப்பித் திட்டலாம் என்று போனேன். பவளம் கதவோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ வயசுங்க" என்றாள். "ஊட்டி விட்டாத்தான் திங்கிறா. இந்த வயசுல அது, கையில ஒரு கொழந்தைய வெச்சிக்கிட்டு, காய்ச்சலோட, தெரியாத ஊருக்கு... யாருகிட்ட குடுக்குறதுன்னு சுத்திச் சுத்திப் பாத்திருக்குமில்ல? எப்படிப் பயந்திருக்கும்."

நான் அழுதேன். ஆமாம், அழுதேன். எழுதினால் என்ன.

"உன் வருஷம் தெரியாமலே போச்சே" என்றேன்.

"அது கெடக்குது. ஜூன் ஒண்ணே இருந்துட்டுப் போட்டும்."

ஜூலை 19, சனி

சாம்பல் புடவையோடு எம்.சி. ரோட்டுக்குத் திரும்பிப் போனோம். மாற்றித் தர முடியாது என்றான் கடைப்பையன். பவளம் பிடித்துக்கொண்டாள் பாருங்கள், அப்படி ஒரு சண்டை. பழைய பவளம் திரும்பி வந்துவிட்டாள். கடைசியில் முதலாளியே வந்து, "யாருக்கும்மா, எத்தினி வயசு?" என்றார்.

"பத்தொம்பது" என்றாள். "செவப்பா, துறுதுறுன்னு இருக்கும்." யாரும் பார்த்ததில்லை. எனக்கே அவள் சொன்னதும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று பட்டது.

கிளிப்பச்சையில் மாம்பழ மஞ்சள் கரை. கண்ணைப் பறிக்கும் நிறம். ஒரு டஜன் கண்ணாடி வளையல், சாந்துப் பொட்டு, ரிப்பன்கூட வாங்கினாள். விலையில் நூறு ரூபாய் குறைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

காலையில் படையல். வாழைக்காய் பொரியல் எப்போதும் போல. இந்த முறை இலையில் சேமியா பாயசம், வடை, மிருதுளாவுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட் ஒன்று. "இதெல்லாம் படையல்ல வைப்பாங்களா?" என்றேன். "அந்த வயசுல இதான் புடிக்கும்" என்றாள். இஸ்திரிக் கிழவிக்கு வேறு புடவை கொடுத்தாள். கிளிப்பச்சையை மிருதுளா கட்டிக்கொண்டாள். கால் தடுக்கவில்லை.

சுகுணாவும் வந்திருந்தாள், நாலு பேரும் காசிமேட்டுக்குப் போனோம். கூட்டம். கிழக்கே படகுகள். பவளம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை போனாள். நான் பின்னால், விழுந்தால் பிடிக்க. பூவையும் வளையலையும் விட்டாள். அலை வந்து வாங்கிக்கொண்டு போனது.

காசில் எண்கள் கொஞ்சம் மங்க ஆரம்பித்திருக்கின்றன. மருந்தில் வந்தது அப்படித்தான், காற்றுப் பட்டு, கை பட்டு மறுபடி உள்ளே போய்விடும். நேற்றுச் சொன்னேன். "போனா போவுது, எனக்குத் தெரியுமே" என்று கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டாள்.

வழக்கமான பட்டியலுக்காகக் காத்திருந்தேன். என் சர்க்கரை, மூட்டுவலி, பரீட்சை. அவள் எதையும் கேட்கவில்லை. கையைக் குவிக்கவும் இல்லை. அறுபது வயது என் மனைவி, ஈரக் கையைத் தூக்கி, சின்னப் பெண்ணின் தலையில் வைப்பது மாதிரி அலையின் மேல் வைத்தாள்.

"நல்லா இரு கண்ணு" என்றாள். "கொழந்தை நல்லா இருக்குது. நீ பயப்படாத."